இருநூற்றுப் பன்னிரண்டு சுத்தமான தொண்டைகள்

போடிநாயக்கனூரில் வைகாசிக் கடைசியில், பள்ளிக்கூடங்கள் திறக்கிற நேரம் பார்த்து, ஒரு வதந்தி கிளம்பியது. ஏலக்காய்க் காற்றில் வளரும் பிள்ளைக்குத் தொண்டை நோவு வராது. வந்தாலும் இரண்டு காயை மென்றால் போய்விடும். இதை நம்ம ஊர்ப் பெண் ஒருத்தி மதுரையில் மைக்ராஸ்கோப்பு வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். வெளிநாட்டுக்காரனே படித்துவிட்டு வாயடைத்துப் போனான்.

வதந்திகளுக்குப் பொதுவாகத் தாய் தகப்பன் பெயர் தெரியாது. இதற்குத் தாயின் பெயர், படிப்பு, வேலை, கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்த போட்டோ எல்லாமே இருந்தன. டாக்டர் பவதாரணி, நுண்ணுயிரியல் துறை, மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரி. பெற்ற தாய்க்குத்தான் தகவல் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் தாய்மாமன் மொக்கையன், மூன்று கும்பிடு பொம்மைகளோடு அதை பவதாரணியின் போனுக்கு அனுப்பிவைத்தார்.

பவதாரணி முதலில் சிரித்தார். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை. வதந்தியின் நடுவில், எவனோ திருகி முறுக்கி வைத்திருந்தாலும் அடையாளம் தெரியும்படி, அவரே எழுதிய வாக்கியம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

முப்பத்தேழு வயதில் பன்னிரண்டு வருடத்தை அவர் ஒரே ஒரு கிருமிக்குக் கொடுத்திருக்கிறார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கோத்த பாசிமணி மாதிரி அழகாகவே இருக்கும். பிள்ளைகளின் தொண்டையில் வந்து உட்காரும். நாலு நாள் எச்சில் விழுங்கினால் வலிக்கும், காய்ச்சல் அடிக்கும், பிறகு தானாகவே போய்விடும். எல்லோரும் மறந்துவிடுவார்கள். உடம்பு மட்டும் மறக்காது. திருடனைப் பிடிக்கக் கம்போடு கிளம்பிய காவல்காரர்கள், திருடன் ஊரைவிட்டுப் போன பிறகும் கம்பைக் கீழே போடாமல், இருட்டில் சொந்த வீட்டுக் கதவையே உடைப்பது போல, மூன்றாவது வாரத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி முட்டியைத் தாக்கும், கணுக்காலைத் தாக்கும், சில பிள்ளைகளுக்கு இதயத்து வால்வைத் தாக்கும். ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். முட்டி சரியாகிவிடும். வால்வு சரியாவதில்லை.

கல்லூரி ஆஸ்பத்திரியில் வால்வு மாற்றக் காத்துக் கிடந்த இளம் வயதுக்காரர்களின் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளில் குரங்கணி, முந்தல், தேவாரம் என்று மலையடிவார ஊர்களின் பெயர்கள் அடிக்கடி வருவதை பவதாரணி கவனித்தார். சொந்த ஊர்ப் பக்கம். எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. போன வருடம் ஐப்பசியில் மலைச்சரிவில் இரண்டு பள்ளிக்கூடங்களில் இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகளின் தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து, ரத்தம் கலந்த தட்டுகளில் பூசி, இன்குபேட்டரில் வைத்தார். இருபது தட்டிலாவது கிருமி முளைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். முளைத்தது இரண்டில். மற்ற இருநூற்றுப் பன்னிரண்டும் துடைத்துவைத்தது போலச் சுத்தம்.

துறைத்தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்பார்த்தது கிடைத்தால் அது வெறும் ஆராய்ச்சி. எதிர்பாராதது கிடைத்தால்தான் கட்டுரை. மாசியில் கட்டுரை வெளியானது. அதன் பதினோராம் பக்கத்தில், படிக்கிறவர்கள் கொட்டாவி விடுகிற இடத்தில், 'ஏலக்காய்ச் சாகுபடி உள்ளிட்ட சுற்றுச்சூழல் காரணங்கள் இருக்கக்கூடுமா என்பதை மேலும் ஆராய வேண்டும்' என்று ஒரு வரி. அந்தக் கட்டுரையை வைத்துத்தான் இணைப் பேராசிரியர் பட்டியலில் பவதாரணியின் பெயர் மேலே ஏறியிருந்தது. அந்த ஒரு வரியை வைத்து போடியில் என்ன ஏறியிருக்கிறது என்று பார்க்க, சனிக்கிழமை ரயிலைப் பிடித்தார்.

மொக்கையன் கடையில் ஏறியிருந்தது ஒரு ஃபிளெக்ஸ் பேனர். அதில் பவதாரணி மணப்பெண் அலங்காரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு பெரிய ஏலக்காயை நிறுத்தியிருந்தார்கள்.

"வாத்தா, வா வா! ஊரே ஒன்னப் பத்தித்தான் பேசுது. ஏ, டாக்டருக்கு டீ கொண்டா!"

"மாமா, நான் இப்பிடி எழுதவே இல்ல."

"என்ன எழுதல?"

"ஏலக்காய் நோவத் தடுக்கும்னு எழுதல. பாக்கணும்னு எழுதுனேன். இன்னும் யாரும் பாக்கல."

"நாங்க பாத்துட்டம்ல. எனக்கு இருவது வருசமாத் தொண்டை வலிச்சதே இல்ல."

"ஒங்களுக்கு அறுவத்திரண்டு வயசாகுது மாமா. இது பிள்ளைகளுக்கு வர்ற நோவு."

மொக்கையன் கடைக்குள் இருந்தவர்களைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். "பாத்தியளா? படிச்சவ படிச்சவதான். சின்னப் பிள்ளையில ஏலக்காயத் திண்டதுனாலதான் பெரியவனான பெறகும் எனக்கு வரலங்கிறா."

பேனரைக் கழற்றச் சொன்னார் பவதாரணி. கழற்றிடலாம், அதற்கென்ன, கட்டின பயல் ஊரில் இல்லை, அவன் போட்ட முடிச்சை அவன்தான் அவிழ்க்க முடியும் என்றார் மாமா. ஏலக்காய் அடைத்து விற்கிற கவர்களிலும் அதே படம். "வீட்டுக் கல்யாண போட்டோவுக்கு ஒருத்தன் கேஸ் போடுவானா?" என்று பயமில்லாமல் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. தங்கை மகள் சாதித்துவிட்டாள் என்று உள்ளபடியே நம்புகிறவர். அவரை ஒன்றும் செய்ய முடியாததற்குக் காரணமும் அதுதான்.

அங்கிருந்து குரங்கணிக்கு சுருளியின் ஜீப்பு. பின்னால் அரிசி மூட்டை, கோழித்தீவனம், ஏழு பெண்கள். சுருளி அவரை முன்னால் ஏற்றிக்கொண்டு, பேனரில் இருப்பவர் தன் வண்டியில் இருக்கிறார் என்பதைப் பின்னாலிருந்தவர்களுக்கு அறிவித்தார். அதன் பிறகு வதந்தியை பவதாரணி தேட வேண்டியிருக்கவில்லை. போடியில் ஏலக்காய் தொண்டையை மட்டும் காத்துக்கொண்டிருந்தது. முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது காய்ச்சலையும் விரட்ட ஆரம்பித்தது. மேலே ஏறஏற இஞ்சினோடு சேர்ந்து அதுவும் சூடாகி, குரங்கணி வந்து சேர்வதற்குள் சர்க்கரை, மூலம், கண்பார்வை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"அப்ப ஆசுபத்திரிக்கே போறதில்லையா அண்ணே?" என்று கேட்டார் பவதாரணி.

"எதுக்குப் போகணும்? நீங்கதான் எழுதிப்புட்டீகள்ல!" என்றார் சுருளி, பாராட்டுவதாக நினைத்து.

துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் சுசித்ரா இருந்தார். தேவாரத்துப் பெண், கையெழுத்து அச்சடித்தாற்போல இருக்கும். பவதாரணியைப் பார்த்ததும் எழுந்து நின்று, மேசை மேல் இருந்த சின்னக் கேடயத்தைக் கர்ச்சீப்பால் துடைத்தார்.

"மூணு மாசமாத் தொண்டைவலின்னு ஒரு பிள்ளகூட வரல மேடம். மாசாந்திரக் கூட்டத்துல இந்தக் கேடயம் குடுத்து எல்லாரும் கை தட்டுனாங்க. இது ஒங்களாலதான்."

பவதாரணி பதிவேட்டைப் புரட்டினார். அட்டைக்கடி, நாய்க்கடி, வயிற்றுப்போக்கு, அடுப்பில் சுட்ட காயம். தொண்டை என்ற கட்டத்தில் ஆனி மாதம் முழுக்கக் கோடு. ஆடியில் கோடு. ஆவணியில் கோடு. மலையில் சாரல் விடாமல் அடிக்கிற மூன்று மாதம். ஐந்து வகுப்புப் பிள்ளைகள் ஒழுகாத ஒரே அறைக்குள் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்து இருமுகிற மூன்று மாதம். அதில் ஒரு தொண்டைகூடவா கரகரக்கவில்லை? இப்படி ஒரு சுத்தத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார். இருநூற்றுப் பன்னிரண்டு தட்டுகளில். அப்போது அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

"மூட்டுவலின்னு பிள்ளைக யாராச்சும் வந்தாங்களா?"

"அது இருக்கு மேடம். நாலு பேரு. மழையில வழுக்கி விழுந்து சுளுக்கிருக்கும். தைலம் குடுத்தேன்."

"நாலு பேருமா விழுந்தாங்க?"

சுசித்ரா பதிவேட்டில் அந்த நாலு பெயர்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "நான் கேக்கல மேடம்," என்றார் மெல்ல.

பவதாரணி ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பேசாத தட்டுகளோடு பழகியவர். சுசித்ராவின் ஸ்டெதாஸ்கோப்பையே கடன் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பட்டியலில் முதல் பெயர் இருந்த வீட்டுக்கு இருவரும் நடந்தார்கள்.

அது ஈஸ்வரியின் வீடு. மேலே தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கும் வேலை பார்க்கிறவர். மழை பலத்ததால் அன்றைக்குச் சோலி இல்லை. ஒன்பது வயது மகள் தேவி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, தன் முட்டியை அடுத்தவர் முட்டியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது முட்டி வீங்கிப் பளபளத்தது.

"திங்கக்கெழம வலது முட்டிங்கிறா. புதங்கெழம கணுக்காலுங்கிறா. இன்னைக்கு இந்த முட்டியாம்," என்றார் ஈஸ்வரி. "பள்ளிக்கூடத்துக்குப் போகாம இருக்க இவ ஒடம்புல எடந்தேடுறா டாக்டரம்மா."

"நெசமா வலிக்குதும்மா," என்றாள் தேவி.

"வலிக்கும் வலிக்கும். நாளைக்கு ஞாயித்துக்கெழம, வலிக்காது பாரு."

இடம் மாறுகிற வலி. அதற்கு என்ன பெயர் என்று பவதாரணி மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். ஈர மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்: "இதுக்கு முன்னாடி தொண்டை வலிச்சுச்சா?"

"மூணு வாரம் இருக்கும். எச்சி முழுங்க முடியலைன்னா. காய் மெல்லக் குடுத்தேன், நாலாம் நாளு கேட்டுருச்சு." ஈஸ்வரி சிரித்தார். "அதான் நீங்க எழுதுனதுதான?"

பவதாரணி தேவியின் பக்கம் திரும்பி, "வாயத் தெற பாப்பா, பாப்போம்," என்றார்.

"செத்த இருங்க டாக்டரம்மா!" ஈஸ்வரி எழுந்து உள்ளே ஓடினார். ஒரு பாட்டிலோடு வந்தார். அதில் பச்சை மாறாத, ஒன்று போல உருண்ட பெரிய காய்கள். இரண்டை எடுத்து மகளின் வாயில் போட்டார். "மெல்லு. நல்லா மெல்லு. தொண்டை வரைக்கும் போகணும். ம், இப்பக் காட்டு."

தேவி வாயைத் திறந்தாள்.

"இது எதுக்கு ஈஸ்வரி?" என்றார் பவதாரணி.

"வாய் மணக்கணும்ல? ரெண்டு வருசத்துக்கு முந்தி பல்லு டாக்டரு ஒருத்தரு பள்ளிக்கூடத்துக்கு வந்தாரு. பிள்ளைக வாயத் தெறக்கவும் மூக்கப் பொத்திக்கிட்டு, என்ன நாத்தம்டா இதுன்னுட்டாரு. பிள்ளைகளுக்கு ஒரே அழுகை. எங்களுக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க? ஊருக்கெல்லாம் மணக்குறதுக்குக் காய் எடுத்துக் குடுக்குறது நாங்க. எங்க பிள்ளைக வாய் நாறுதுன்னு எழுதிட்டுப் போகவா? அதான் நீங்க போன வருசம் வர்றீகன்னதும் எல்லாரும் பேசி வச்சு, பிள்ளைக்கு ரெண்டு காய்னு குடுத்துவிட்டோம். டீச்சரும் நின்னு பாத்து, மெண்டு முடிச்ச பெறகுதான் வரிசையில விட்டாக."

"எல்லாருமா?"

"பின்ன? ரெண்டு பள்ளிக்கூடத்துலயும்தான். ஒரு ரெண்டு பேரு லேட்டா ஓடிவந்தாகளாம். அவுகளுக்குத்தான் குடுக்க முடியலையாம்."

இரண்டு பேர்.

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. பவதாரணிக்கு அப்போதுதான் அந்த வாசனை வந்தது. தேவியின் வாயிலிருந்து, பாட்டிலிலிருந்து, ஈஸ்வரியின் கைகளிலிருந்து. போடியில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு ஏலக்காய் வாசனை என்று தனியாக ஒன்று கிடையாது. தண்ணீருக்குள் இருக்கும் மீனிடம் ஈரம் எப்படி என்று கேட்கிற கதைதான். ஆய்வகத்து டெக்னீஷியன் ராஜாராம் சேலத்துக்காரர். போன ஐப்பசியில் சாம்பிள் குழாய்களைத் திறந்ததும், "மேடம், இதத் தட்டுல பூசணுமா, பால் ஊத்திக் காய்ச்சணுமா?" என்று கேட்டார். பவதாரணியும் சிரித்தார். இந்தியாவில் எந்த ஊர் ஆராய்ச்சியாளர் வந்திருந்தாலும் முதல் குழாயிலேயே நிறுத்தி, இது என்ன வாசனை என்று கேட்டிருப்பார். சொந்த ஊர்க்காரரை அனுப்பினால் வேலை சுலபம் என்று துறைத்தலைவர் சொன்னது உண்மைதான். ரொம்பவே சுலபமாக முடிந்துவிட்டது.

ஸ்டெதாஸ்கோப்பை தேவியின் நெஞ்சில் வைத்தார். லப், டப். லப், டப். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டுக்கும் நடுவில், மூடின கதவின் இடுக்கில் காற்று நுழைவது போல மெல்லிய ஓர் உஸ். சுசித்ராவிடம் கொடுத்து அவரையும் கேட்கச் சொன்னார். சுசித்ரா கேட்டார். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பி மழையைப் பார்த்தார்.

"என்ன டாக்டரம்மா, ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கேக்குறீக? பாட்டா படிக்குது?"

"மதுரைக்குப் போவோம் ஈஸ்வரி. இன்னைக்கே. சுருளியண்ணன் ஜீப்பு கெளம்பீருக்காது."

"முட்டி வலிக்கா மதுரைக்கு?"

"முட்டிக்கு இல்ல."

ஈஸ்வரி மாற்றுச் சேலை ஒன்றைக் கூடையில் வைத்தார். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பிள்ளை, கால்கள் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கின. இறங்கும்போது ஜீப்பில் பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஏலக்காய் என்று ஆரம்பிக்க, "சும்மா வாங்க ஆத்தா," என்று சுருளி அதட்டினார்.

மதுரையில் இதயத்தை எக்கோ ஸ்கேனில் பார்த்ததில் வால்வில் கசிவு இருந்தது. இப்போதைக்குச் சின்னக் கசிவுதான் என்றார் இதய மருத்துவர். அந்த 'இப்போதைக்கு' என்ற வார்த்தையை அவர் எவ்வளவு ஜாக்கிரதையாக எடுத்து வைத்தார் என்பதை பவதாரணி கவனித்தார். இன்னொரு தடவை இதே கிருமி தொண்டைக்கு வந்தால் கசிவு பெருகும். வராமல் தடுக்க இருபத்தொரு நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி, குறைந்தது இருபத்தொரு வயது வரைக்கும். தேவிக்கு இருபத்தொன்று பெரிய எண்ணாகத் தெரியவில்லை. ஈஸ்வரி விரல்விட்டுக் கூட்டிப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்த வாரமே பவதாரணியும் ராஜாராமும் ஒரு சோதனை செய்தார்கள். தொண்டை வலியோடு வந்த மூன்று பிள்ளைகள், பெற்றவர்கள் சம்மதத்தோடு. மருந்து கொடுப்பதற்கு முன்னால் ஒரு பஞ்சுக்குச்சி. இரண்டு ஏலக்காய் மென்ற பிறகு இன்னொன்று. ஒரு மணி நேரம் கழித்து, வாய் கொப்பளித்த பிறகு மூன்றாவது. முதலாவதில் கிருமி முளைத்தது. மூன்றாவதிலும் முளைத்தது. நடுத்தட்டு மூன்றும் சுத்தம். கிருமி தொண்டையில் அப்படியேதான் இருந்தது. பஞ்சில் ஏறிய ஏலக்காய் எண்ணெய்தான் அதைத் தட்டில் முளைக்கவிடவில்லை போலிருக்கிறது. மூன்று பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் கட்டுரையைத் திரும்பப் பெற நிரூபணம் எதற்கு? சந்தேகம் போதும்.

துறைத்தலைவருக்கு அது போதவில்லை. "பவதாரணி, அவசரப்படாதீங்க. பத்திரிகைக்கு ஒரு கடிதம் போடுவோம். ஆய்வின் வரம்புகள்னு ஒரு பத்தி சேர்ப்போம். எல்லாரும் செய்யறதுதானே? லிஸ்ட் அடுத்த மாசம் வருது."

"அந்தப் பத்தியக் குரங்கணியில யார் சார் படிப்பாங்க?"

"கட்டுரையை மட்டும் அங்க யார் படிச்சாங்க?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் யோசிக்காமல், அன்றைக்கே கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அனுப்பினார். பரிசீலிக்க எட்டு வாரம் ஆகும் என்று பத்திரிகையிலிருந்து நன்றியோடு பதில் வந்தது. பட்டியல் அதற்கு முன்பே வந்துவிட்டது. அதில் அவர் பெயர் இல்லை.

போடியில் வாபஸ் செய்தி பரவ எட்டு நாள்கூட ஆகவில்லை. மாத்திரைக் கம்பெனிக்காரன் காசைக் கொடுத்து டாக்டரம்மாவை மிரட்டி எழுதினதை வாபஸ் வாங்க வைத்துவிட்டான்; உண்மை இல்லையென்றால் அவன் எதற்குப் பதற வேண்டும்? மொக்கையன் மாமா இதைக் கண் கலங்கி போனில் சொன்னார். "நீ பயப்படாத ஆத்தா. ஊரே ஒம் பக்கம் நிக்கிது. இருக்கிற கவர் எல்லாம் தீந்து போச்சு, ஆளுக கேட்டு வாங்கிட்டுப் போறாக. இன்னும் அடிக்கச் சொல்லிருக்கேன்."

"மாமா, ஒரு பிள்ளைக்கு இருதயம் கெட்டுப்போச்சு மாமா."

"கேள்விப்பட்டேன்த்தா. பாவம். அது தரம் பிரிக்காத கூடைக் காய் திண்டிருக்கும். எட்டு எம்எம் பெரிய காய் திண்டிருந்தா வந்திருக்காது."

ஈஸ்வரி மகளுக்குக் கொடுத்தது எட்டு எம்எம் காய்தான். தேர்வானதிலேயே பெரியதை டாக்டரம்மா பிள்ளை வாயைப் பார்க்கும் நாளுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார். இதை மாமாவிடம் சொல்ல பவதாரணி வாயெடுத்தார், சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கவரில் ஒன்பது எம்எம் என்று போட்டுவிடுவார்.

இரண்டு பள்ளிக்கூடங்களிலும் மறுபடி முகாம் போட்டார். பல் விளக்க வேண்டாம், எதையும் மெல்ல வேண்டாம், நாறினால் நாறட்டும் என்று சுசித்ராவே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். இருநூற்றுப் பதினான்கில் அறுபத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். ஒன்பது பேர் தொண்டையில் கிருமி. தைலம் வாங்கிப் போன மற்ற மூவரில் இருவருக்கு இதயத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாமவனின் குடும்பம் மேலே எந்தத் தோட்டத்துக்குப் போனது என்று இன்னும் தெரியவில்லை. வராத நூற்று ஐம்பத்து மூன்று பேரின் பெயர்களை பவதாரணி ஒரு தாளில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அவ்வப்போது ஒரு பெயரை அடிப்பார். மழை இன்னும் விடவில்லை.

இருபத்தொரு நாளைக்கு ஒரு தரம் போடிக்கு வருகிறார். தேவிக்கு ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது காரணம். பென்சிலின் ஊசி வலிக்கும். தேவி அழமாட்டாள், பவதாரணியின் சுண்டுவிரலை ஒடித்துவிடுவது போல முறுக்குவாள். ஒரு தடவை ஊசி முடிந்து வெளியே வந்ததும் பவதாரணி, "தப்பு என்னோடது ஈஸ்வரி. நான் மோந்து பாத்திருக்கணும்," என்றார்.

"நீங்க என்ன செய்வீக? காயக் கையில எடுத்துக் குடுத்தது நாந்தான," என்றார் ஈஸ்வரி. மருந்துச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். "வெரசா வாடி. பஸ்சு போயிரும்."

தேவி மதுரையில் படுத்திருந்த இரண்டாம் நாள், பவதாரணி முந்தின நாளிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பதை ஈஸ்வரி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். தனக்கென்று வாங்கி வந்திருந்த புளிச்சாதத்தில் பாதியைத் தன் எவர்சில்வர் டப்பாவில் அள்ளி வைத்து, வேண்டாம் என்றவரிடம் வம்படியாகத் திணித்தார். பவதாரணி ஆய்வகத்தில் நின்றபடியே அதைத் தின்று முடித்தார். கழுவிய டப்பா இன்குபேட்டருக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. மூடியில் ஈ என்று ஒரு எழுத்து ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும்.

அதைத் திருப்பிக் கொடுப்பது பெரிய காரியமில்லை. ஆனால் வெறும் டப்பாவை யாரும் யாருக்கும் திருப்பிக் கொடுப்பதில்லை; ஏதாவது ஒன்றைப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்த ஏதாவது என்ன என்பதுதான் ஐப்பசி வரை அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை போடலாமா என்று ஒரு தடவை யோசித்தார். அதிரசம் வாங்கினார், பாகில் ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தார்கள், ராஜாராமிடம் கொடுத்துவிட்டார். நாலாவது ஊசிக்குக் கிளம்பும்போது டப்பாவைப் பையில் வைத்து, ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய், திரும்பவும் ஆய்வகத்துக்கே வந்து வைத்துவிட்டு, ரயில் போய்விட்டதால் பஸ்சில் போனார்.

"டப்பா எங்கிட்டயே இருக்கு ஈஸ்வரி. அடுத்த தரம் கொண்டாரேன்."

"அது கெடக்கட்டும் டாக்டரம்மா. எங்க போகப்போகுது?"